இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, படுவான்கரையால் திரும்பி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எங்கே குடியேறலாம் என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் காணி விலையிலும் பள்ளிக்கூடத்திலும்தான் தொடங்குவார்கள். அவை முக்கியம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் நிலைத்திருப்பதும், நாலு மாரி கழிய மூட்டை கட்டுவதும் வேறு இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கின்றன. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாரித் தண்ணீர் எங்கே போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தேடுகிற மாதிரி மூன்று நாள் பயணத்தை அமைத்தால், மற்றதெல்லாம் வழியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் காலம். மாசி, பங்குனியில் இடம் பார்க்கப் போகவே கூடாது. மாரி ஓய்ந்து கிணறு நிரம்பியிருக்கும், தண்ணீர் இனிக்கும், வயல் விளைந்து நிற்கும். எந்த ஊரைப் பார்த்தாலும் பிடித்துப்போகும். எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு வைகாசி தொடங்கி, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மண்ணை உலர்த்துகிறது. ஆகவே ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் செப்டெம்பர் நடுப்பகுதியில் வாருங்கள். கிணற்று நீர் மிகவும் கீழே இறங்கி, உப்பு ஆகக் கூடி நிற்பது அப்போதுதான். போன மாரியின் வெள்ளக்கோடும் சுவரில் அழியாமல் இருக்கும். இரண்டாவது தடவை வர முடிந்தால் டிசம்பரில் ஒரு நாள் போதும். தெரிவு செய்த இரண்டு மூன்று ஒழுங்கைகளை மழைக்குள் பார்த்துவிட்டுப் போகலாம்.

திங்கள் அல்லது செவ்வாய் புறப்படுவது நல்லது. வெள்ளிக்கிழமை மத்தியானம் காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் போனால் ஜும்மாவுக்குக் கடை பூட்டியிருக்கும். கேட்டு விசாரிக்க ஆள் கிடைக்காது. போயா (பௌர்ணமி) நாளில் அரச அலுவலகம் இல்லை. பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் தினம் எது, விதானையார் (கிராம உத்தியோகத்தர்) எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலே போன் எடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாகனத்துக்கு மோட்டார் சைக்கிள்தான் எங்கள் தெரிவு. ஒழுங்கைக்குள் நுழையலாம், பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடக்கலாம். குடும்பமாக வந்தால் ஓட்டோ அல்லது சின்ன வேன். மட்டக்களப்பு வரை ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து வாகனம் பிடிக்கலாம். ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது, தெற்கே இல்லை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு ஏ4 வீதியில் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். தூரம் பெரிதில்லை. ஆனால் அக்கரைப்பற்று வரை வீதியின் இரு பக்கமும் ஊர்கள் நெருக்கமாக இருப்பதால், மணிக்கு 35, 40 கிலோமீற்றருக்கு மேல் கணக்குப் போட வேண்டாம். பொழுதுபட்ட பிறகு வீதியில் மாடு படுத்திருக்கும். இருட்டுக்கு முன் தங்குமிடத்துக்குப் போய்ச் சேருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீற்றர் ஒன்று, 30 அடி நைலோன் கயிறும் அதன் நுனியில் கட்ட ஒரு கல்லும், 5 மீற்றர் அளவு நாடா, ஒரு லீற்றர் சுத்தமான போத்தல் இரண்டு, டோர்ச், கொப்பி. பழைய நாணயம் ஒன்றும் வைத்திருங்கள். அது கொங்கிறீற்றைத் தட்டிப் பார்க்க.

முதல் நாள் கல்லடிப் பாலத்தில் தொடங்கிக் கல்முனையில் முடியட்டும். காலை ஆறு மணிக்கு முன் பாலத்தைக் கடந்தால் ஏழு, ஏழரைப் பள்ளிக்கூட நெரிசலுக்குள் மாட்டாமல் காத்தான்குடியைத் தாண்டலாம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு: அதுதான் எழுவான்கரை. ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊர்கள் தொடுத்து வருகின்றன. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல மாறி மாறி வரும் கரை இது.

இந்த மணல்திட்டில் நிலத்தடி நீர் உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. கணக்கின் மறுபக்கம்தான் ஆபத்து: மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு அந்த விகிதத்தில் ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று பெரிய மோட்டார் வைத்து இறைத்த இடங்களில் உப்பு இன்னும் கூடியதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, கல் கட்டிய கயிற்றை இறக்குங்கள். கல் நீரைத் தொடும் இடத்தில் ஒரு முடிச்சு, அடியைத் தொடும் இடத்தில் இன்னொரு முடிச்சு. இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம்தான் நீரின் ஆழம். பிறகு ஒரு வாளி அள்ளி மீற்றரை வைத்து எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். மோட்டாரைப் போட்டு 20 நிமிஷம் ஓடவிட்டு, மறுபடி அள்ளி அளந்து பாருங்கள். இரண்டாவது எண் முதலாவதை விடத் தெளிவாகக் கூடினால் நன்னீர்ப் படலம் மெல்லியது; நாலைந்து பேர் உள்ள வீடு தினம் இறைக்கத் தாங்காது. எண் அசையாமல் நின்றால் நல்ல கிணறு. 600க்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் தேத்தண்ணியிலேயே உப்புத் தெரியும். கிணற்றடியில் தென்னையும் கத்தரியும் செழித்து நிற்கின்றன என்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்.

மீற்றர் காட்டாத விஷயமும் உண்டு. காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் சின்ன வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும். உங்கள் வளவில் 50 அடி இருந்தும் வேலிக்கு அடுத்த பக்கத்தில் அயல்வீட்டுக் குழி இருந்தால் பயனில்லை. நாடாவை அந்தப் பக்கமும் பிடித்துப் பாருங்கள். மணலில் கழிவுநீர் வேகமாக நடக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கழிவிலிருந்து கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. கைக்குழந்தை உள்ள வீடு இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊருக்குள் நீர்வழங்கல் சபைக் குழாய் வந்திருந்தால் பாதிக் கவலை தீரும். மட்டக்களப்புக்கான நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரிக்கப்படுகிறது. ஆனால் பிரதான வீதியில் குழாய் ஓடுகிறது என்பதற்காக உங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அயல்வீட்டு மீற்றரைப் பாருங்கள், கோடையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். வாவி கடலோடு சேருவது பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும்தான். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரியில் அதை வெட்டிவிடும் வரை தண்ணீர் வாவிக்குள்ளேயே ஏறும், வாவிக்கரை வளவுகளுக்குள் புகும். கடற்கரை வீட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் வாவிக்கரை வீட்டைப் பாதுகாப்பென்று நினைத்து வாங்குவது அடிக்கடி நடக்கிறது. மணல்திட்டின் முதுகு, அதாவது பிரதான வீதியை ஒட்டிய மேடு, இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. விலை கூடுதலாக இருப்பதும் அங்கேதான்.

வெள்ளம் வந்த இடத்தைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்கக்கூடத் தேவையில்லை. மதிலின் அடியில் நேராக ஓடும் சேற்றுக் கோடு, வாசற்படி வழக்கத்துக்கு மேலாக உயர்ந்திருப்பது, பிளக் பொயின்ற் இடுப்புக்கு மேலே வைக்கப்பட்டிருப்பது, அலுமாரியின் காலுக்குக் கீழே கல் அடுக்கியிருப்பது. இதெல்லாம் வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லிவிடும். வெறும் வளவானால் புல்லைப் பாருங்கள். பன்னும் சம்பும் நிற்கிற இடம் பள்ளக் காணி. மேலே கிரவல் போட்டு நிரவியிருந்தாலும் வேலியோரத்தில் இரண்டு சம்பு தலைகாட்டும். வயலை நிரவித் துண்டு போட்டு விற்கிற இடங்களில், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. அனுமதி இல்லாத காணியில் பிறகு வீட்டுப் பிளானுக்குப் பிரதேச சபை ஒப்புதல் எடுப்பது பெரும்பாடு.

கேட்பதென்றால் புறோக்கரிடம் கேட்காமல் ஒழுங்கை முகப்பில் உள்ள பெட்டிக்கடையில் கேளுங்கள். ஒரு சோடா வாங்கிக்கொண்டு, தமிழ் ஊரென்றால் "அண்ணன், 2011ல வந்த வெள்ளத்துக்கு இஞ்ச எவ்வளவு ஏறின?" என்று தொடங்கலாம், முஸ்லிம் ஊரென்றால் "அண்ணன்" என்பதற்குப் பதில் "நானா". 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கையால் உயரம் காட்டுவார்கள், அளவு நாடாவை அதே இடத்தில் பிடித்து எழுதுங்கள். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "வெள்ளம் வந்தா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவீங்க?" முகாமாகிற பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கும். அதைச் சுற்றி வளவு தேடினால் தவறாது.

இரவு கல்முனையில் தங்கலாம். மாலையில் வைத்தியசாலைத் தூரத்தைக் கணக்கெடுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் என்று இந்தக் கரை இந்த விஷயத்தில் வசதியானது. வயதானவர்களோடு குடிபெயர்கிறவர்களுக்குக் களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட கரையை நாங்கள் முதலில் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் நாள் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். இந்தப் பாதையில் தண்ணீருக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கடலரிப்பு. ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் அங்கே தடைப்பட்டுத் தேங்குகிறது. மணல் வரத்து நின்ற வடக்குக் கரையைக் கடல் தின்கிறது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்த கரையை நேரில் பார்த்துவிட்டுத்தான் கடற்கரைக் காணி பற்றி யோசிக்க வேண்டும். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அதிகாரம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை வரும். அந்த எல்லைக்குள் வீடு கட்டவோ பெருப்பிக்கவோ அவர்களின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பழைய வீடு நிற்கிறது என்பதால் புதிதாக ஓர் அறை இறக்கலாம் என்று அர்த்தமில்லை.

கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீட்டில் அந்த நாணயத்தை எடுங்கள். கொங்கிறீற்று பீமின் அடிப்பக்கத்தையும் தூணின் மூலையையும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. பொந்துச் சத்தம் வந்து, கூடவே கம்பியின் நேரே துருக்கறையோ வெடிப்போ தெரிந்தால் உள்ளே கம்பி வீங்கத் தொடங்கிவிட்டது. கடல்மண்ணில் கலந்த கொங்கிறீற்றுக்கு வருகிற வருத்தம் இது. மேலே பூசி மறைத்தாலும் திரும்ப வெடிக்கும். சுனாமி வீட்டுத்திட்டத்து வீடென்றால், முதலில் யார் பெயருக்கு வழங்கப்பட்டது, உறுதி (சொத்துப் பத்திரம்) கைக்கு வந்ததா என்று பாருங்கள்.

அக்கரைப்பற்றில் எண்ணெய் நிரப்பிவிட்டுத் தெற்கே இறங்குங்கள். தம்பிலுவில், திருக்கோவில் வரை குடிமனை உண்டு. விநாயகபுரம் கழிய வீதி வெறிச்சோடும். கோமாரி, பொத்துவில் பக்கம் காணி விசாலம், காற்று நல்லது, அறுகம்பே உல்லாசப் பயணிகளால் கோடையில் தொழிலும் உண்டு. ஆனால் உல்லையில், அதாவது அறுகம்பேயில், தொழில் பருவம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான், மாரியில் ஓய்ந்துவிடும். மேற்குப் பக்கம் காடு, யானை வரும். வேலியில் புதிதாக மாற்றிய கட்டைகள், மிதித்த வாழை, வளவு மூலையில் யானைக்குத் தீனா (காவல் நெருப்பு) போட்ட சாம்பல் இவற்றைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு எந்த வீதியால் போக முடியாது என்று கேளுங்கள். பிள்ளைக்கு மாலை வகுப்பு இருக்கிற குடும்பத்துக்கு இந்த ஒரு பதிலே போதும்.

மூன்றாம் நாள்தான் பலர் விட்டுவிடுகிற நாள். கல்முனைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியை (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதியை) கடந்து நாவிதன்வெளி, மண்டூர், வெல்லாவெளி, பழுகாமம், கொக்கட்டிச்சோலை வழியாக ஏறிப் போய், மண்முனைப் பாலத்தாலோ வவுணதீவு, வலையிறவு வழியாகவோ மட்டக்களப்புக்குத் திரும்புங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை இது. எழுவான்கரையில் பத்துப் பேர்ச்சஸ் வாங்கும் காசுக்கு இங்கே வீடும் தோட்டமும் மாடு கட்ட இடமும் கிடைக்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு நகரம் கிட்டவாகிவிட்டது. வயலோடு வாழ நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிழக்கில் குறைவு என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் இங்கே வெள்ளம் வேறு விதம். உங்கள் ஊரில் மழை விட்டிருக்கும். உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் ஆகிய குளங்களின் வான்கதவு திறந்தால் அடுத்த நாள் வீதியில் தண்ணீர் நிற்கும். கிட்டங்கித் தாம்போதியில் மாரிக்கு மாரி போக்குவரத்து நின்றுபோகிறது. 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்தபோது மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடிபட்டுப் போய்ப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். வழமையாகப் போய்வந்த வீதிதான் அது. இடுப்பளவு தண்ணீர் தேவையில்லை. முழங்காலளவு ஓடுகிற தண்ணீரே ஆளைச் சாய்க்கும். ஆகவே படுவான்கரையில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அங்கிருந்து வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். பாலம் ஒன்று, தாம்போதி ஒன்று என்றால் மாரியில் உங்களுக்கு இருப்பது பாலம் மட்டும்தான். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் ஓடும் பாதை நல்ல வசதி; ஆனால் காற்றும் நீரோட்டமும் கூடினால் அது நிற்கும், இரவு நேரத்து நோயாளிக்கு அதை நம்பக் கூடாது. பாதை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று துறையிலேயே கேட்டு எழுதுங்கள்.

கிணறும் இங்கே வேறு. உப்பு குறையலாம், ஆனால் குழாய்க்கிணற்று நீரில் இரும்பும் காவியும் புளோரைட்டும் இருக்கக்கூடும். வாளியில் பிடித்து ஒரு மணித்தியாலம் வைத்துப் பாருங்கள், மேலே மஞ்சள் படை கட்டினால் இரும்பு. புளோரைட்டை எந்தக் கைமீற்றரும் நாக்கும் காட்டாது. போத்தலில் நிரப்பி நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். இலங்கைத் தரத்தின்படி லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் பத்து நிமிஷம் இருந்தும் பாருங்கள். கடற்காற்று எழுவான்கரைக்கு வருகிற அளவுக்கு இங்கே வராது. மேற்குப் பக்கம் மரமில்லாத தகரக் கூரை வீட்டில் கச்சான் காலத்தைத் தள்ளுவது கஷ்டம்.

போன் சிக்னலைக் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு குறிப்பு: முதலாம் வகுப்பு அனுமதியில் வாக்காளர் இடாப்பும் வதிவிடச் சான்றும் புள்ளியாகின்றன, ஆகவே ஊர் மாறிப் பதிவதைப் பிந்தவிடாமல் செய்வது நல்லது.

பிடித்த இடம் கிடைத்த பிறகு காகிதம். உறுதிக் காணியா, அரசு கொடுத்த பெர்மிட் காணியா என்பதுதான் முதல் கேள்வி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை, பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. நூறு ரூபா முத்திரையில் எழுதிக்கொடுத்த கையெழுத்துக்கும், "எல்லாரும் இப்பிடித்தான் வாங்குறாங்க" என்ற பேச்சுக்கும் பெறுமதி இல்லை. உறுதிக் காணியென்றால் உறுதி இலக்கத்தையும் நில அளவைப் படத்தையும் வாங்கிக் காணிப் பதிவகத்தில் ஏடு தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 30 வருஷம் பின்னுக்குப் போய்ப் பார்ப்பது வழக்கம். கல்முனையில் காணியென்றால் அதன் ஆவணக் கோவை எந்தச் செயலகத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய இழுபறி நீண்ட காலமாக நடப்பதால் அலுவல் இழுபடலாம்.

வெளியூர்க்காரருக்குத் தெரியாத ஒன்று: இந்தக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். வீட்டுக்காரர் என்று பேரம் பேசுகிறவர் மருமகனாக இருப்பார், உறுதி மனைவியின் பெயரில் இருக்கும், அவளுக்கு அதைச் சீதனமாக எழுதிய தாய் தகப்பன் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை) தங்களுக்கு வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் அவர்களும் கையெழுத்து வைக்க வேண்டும். முற்பணம் கொடுக்கும் முன் வீட்டிலுள்ள அம்மாவோடும் அக்காவோடும் ஒருதரம் கதையுங்கள். விற்க மனமில்லாத முகம் இருந்தால் அந்த வீட்டை விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

முடிந்தால் வாங்காமல் ஒரு மாரி முழுக்க அதே ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால், பயணத்தில் சந்தித்த பெட்டிக்கடைக்காரர்கள், துறையில் பாதை ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ஆகியோரின் போன் நம்பரை ஒழுங்கை வாரியாகக் கொப்பியில் எழுதி வையுங்கள். நவம்பர் கடைசியில் அடைமழை தொடங்கி இரண்டாம் நாள், வான்கதவு திறந்த செய்தி வந்த அன்று எல்லோருக்கும் எடுத்து, வீதியில் தண்ணீர் எவ்வளவு, பஸ் ஓடுகிறதா, கரண்ட் இருக்கிறதா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். முற்பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.